குஞ்சு பொரித்த ஞாயிறு

கத்தரித் தோட்டத்தில் ஒரு செடியை மட்டும் செவத்தியாள் உலுக்காமல் காய் பறிப்பாள். அதன் தண்டில் கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு ஒட்டியிருந்தது. குஞ்சுகள் வந்தால் இலைச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்றுவிடும், மருந்தே வேண்டாம் என்று நம்பினாள். கேட்டால் சிரிப்பான் என்று கணவன் சூசையிடம் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து அவள் திரும்பியபோது வரப்பெல்லாம் மருந்து நெடி. சூசை தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“இனி நீ குனிஞ்சு குனிஞ்சு பூச்சி நசுக்க வேண்டாம். ஒன் இடுப்புக்கு லீவு விட்டாச்சு!”

அவள் செடியிடம் ஓடினாள். கூடு அன்று காலையில்தான் குஞ்சு பொரித்திருந்தது. எறும்பளவுக் குஞ்சுகள் இலைகளிலும் மண்ணிலும் முன்கால்களை மடித்தபடி கிடந்தன.

பின்னால் வந்த சூசையின் முகம் சுருங்கியது. “எனக்குத் தெரியாதே, புள்ள. ஒன் வலியத்தான் நெனைச்சேன்.”

அது அவளுக்கும் தெரியும். அதனால் திட்டவும் முடியவில்லை. இன்னும் அசைந்துகொண்டிருந்த ஒன்றை விரலில் ஏற்றி, குடத்து நீரில் முந்தானையை நனைத்து மெல்லத் துடைத்தாள். அது தலையைத் திருப்பிப் பார்த்தது. கால்கள் கூப்பியே இருந்தன.

“சாமி கும்பிடுதா?” என்றான் அவன்.

“நம்மளத்தான் கும்பிடுது” என்றாள்.