கொள்ளிச்சட்டி

ஊருக்குக் குடிநீர் கேட்டுப் போராடிய எதிர்க்கட்சிக்காரர்கள், ஒன்றியத் தலைவர் பூவராகனுக்குப் பாடை கட்டி, அதை அவர் வீட்டு வாசலுக்கே தூக்கி வந்துவிட்டார்கள். வைக்கோல் பொம்மைக்கு அவரைப் போலவே வேட்டியும் கரைத்துண்டும் போட்டிருந்தார்கள்.

"ஒரு கொடம் தண்ணி விடாமப் போயிட்டீங்களே தலைவரே, இப்ப உங்கள எதுல குளிப்பாட்டுவோம்!" என்று ஒருவன் மாரடித்து அழ, கூட்டம் சிரித்தது. பூவராகனுக்கும் சிரிப்பு வந்தது. பேருந்து நிலையத்தில் அவரும் எத்தனையோ கொடும்பாவிகளைக் கொளுத்தியவர்தாம். ஆனால் எவன் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை.

பாடைக்கு முன்னால் கொள்ளிச்சட்டி ஏந்தி வந்தவனைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. போன தேர்தலில் கட்சி மாறிப்போன அவருடைய ஒரே மகன் அறவாழி, தலையை மழித்துக்கொண்டு வந்திருந்தான்.

"ஐயா, உள்ள வந்துடுங்க," என்று டிரைவர் கெஞ்சினார். பூவராகன் துண்டைச் சரிசெய்துகொண்டு வாசலிலேயே நிமிர்ந்து நின்றார்.

அறவாழி பொம்மைக்குத் தீ வைத்தான். பிறகு தலை நிமிராமல், "கட்சியில சொன்னாங்கப்பா..." என்று முனகினான்.

"கொள்ளி வெச்சவன் திரும்பிப் பாக்காமப் போகணும்டா. செய்யறத முறையாச் செய்," என்றார் பூவராகன். குரல் பிசிறவில்லை.

அவன் நடந்தான். அந்த மொட்டைத் தலை ஒருமுறையாவது திரும்பிவிடாதா என்று அவர் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். அறவாழி முறை தவறவில்லை.