தோல் அனுப்பவும்

அப்பா பொட்டலத்தை என் கையில் வைத்தார். நினைத்ததைவிட லேசாக இருந்தது.

"பிரிச்சிப் பாரு" என்றார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அவருக்கு முப்பது வருட வேலை. எத்தனையோ ஆயிரம் ஆட்டுத்தோல் பார்த்த மனிதர், இந்த ஒன்றுக்கு ஷாப் தொட்டிக் கரையில் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

தபால் பை கட்ட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

நாலு வருடமாக நான் ஒன்றைக் குறித்து வைத்திருந்தேன். கார்த்திகையில் பாலாற்றின் மேலே வல்லூறுகள் கூட்டமாகப் போகின்றன. எல்லா வருடமும் இல்லை. மதராஸ் கரையில் புயல் அடித்த வருடம் மட்டும். புயலுக்கு மறுநாள்.

அவையே பார்த்து இந்த வழியைப் பிடிக்கின்றனவா? காற்று இங்கே தள்ளுகிறதா?

இதை மதராஸில் ஒரு பறவை ஆராய்ச்சிக்காரருக்கு எழுதினேன். பதில் இரண்டே வரி. எந்த வகை வல்லூறு என்று தெரிந்தால்தான் குறிப்பு அச்சாகும். தோல் அனுப்பவும்.

பி.ஏ. படித்தவளின் நாலு வருடக் கண் போதாதாம். செத்த பறவையின் தோல் போதுமாம். ஆனாலும் அச்சில் என் பேர் வரவேண்டும் என்று இருந்தது. எங்கள் தெருவில் கோர்ட் நோட்டீஸில்தான் பேர் அச்சாகும்.

போன புயலுக்கு மறுநாள், தோல் காயப்போடும் களத்தில் ஒன்று செத்துக் கிடந்தது. எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். பழுதில்லாமல் தோல் வேண்டும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இப்போது பிரித்தேன்.

உள்ளங்கை அகலத் தோல். சுண்ணாம்பில் ஊறி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதமாகி, வெற்றிலை மாதிரி மெத்தென்று இருந்தது. தலையும் காலும் கழித்து ஓரம் வெட்டியிருந்தார்.

"ஒரு இறகு இருக்குதா பாரு" என்றார் அப்பா.

இல்லை. ஒன்றுகூட இல்லை. இது எந்த வகை என்று இனி படைத்தவனுக்கும் தெரியாது.

கத்திவிட்டேன். பறவை ஆராய்ச்சிக்குத் தோல் என்றால் இறகோடு இருக்கிற தோல், இதை வைத்து என்ன செருப்பா தைப்பது என்று. சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"இன்னா தானியேலு, பி.ஏ. சரக்க ரிஜெக்ட் பண்ணிடுச்சா?" என்றார் மேஸ்திரி வாஹித் பாஷா.

அப்பா சிரிக்கவில்லை. தோலை வாங்கிப் புரட்டினார். சதை ஒட்டியிருந்த பக்கம். நான் பார்க்காத பக்கம்.

"இறகுப் பக்கம் எனக்குத் தெரியாதும்மா. இந்தப் பக்கம் தெரியும். கொழுப்பு சீவலாம்னு கத்தி எடுத்தேன், சீவறதுக்கு ஒண்ணுமே இல்ல. நெஞ்சுச் சதை எலும்போட ஒட்டிக் கெடந்துச்சி. நாட்றம்பள்ளி தாண்டி அடிச்சி ஓட்டியாந்த ஆடு இப்படித்தான் இருக்கும். மேஞ்சிக்கினே வந்த ஆடு இப்படி இருக்காது."

தோலைத் திரும்ப என் கையில் வைத்தார்.

"இது தானா வர்ல. இத எதுவோ ஓட்டியாந்திருக்கு."

நாலு வருடம் வானத்தைப் பார்த்துக் கேட்டதற்குத் தொட்டிக் கரையில் பதில் நின்றது.

தோலைத் திரும்பவும் மடித்தேன். அச்சாகாது என்று தெரியும். ஆனாலும் அப்பா சொன்னதைச் சொன்னபடி ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தேன்.

மேலே ஒட்ட நானே கோடு போட்டிருந்த விவரச் சீட்டில், காற்று என்ற இடத்தில் வடகிழக்கு என்று எழுதினேன். பறவையின் பேர் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

அனுப்புகிறவர் பேரில் வழக்கம்போல 'டி.' என்று இனிஷியலில் ஆரம்பித்து, அடித்துவிட்டு, 'தானியேல்' என்று முழுசாக எழுதினேன்.

காலேஜில் படித்த வருடமெல்லாம் அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் அப்பாவை நிறுத்தி வைத்திருந்தேன்.