தண்ணீரில்லாமல் ஒரு மாத்திரை

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழையும் எல்லோர் மணிக்கட்டிலும், டாக்டர் உட்பட, ஒரு பட்டை உண்டு. மனம் கொதித்தால் அது சிவக்கும். சிவந்தவர்களை வரவழைத்து, கணினித் திரை சொல்லும் மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் டாக்டர் ரெஜினாவின் வேலை.

அன்று தையல் பிரிவின் ஏழாம் வரிசையில் முப்பத்தொரு பெண்களுக்கும் ஒரே மாத்திரை. கடைசியாக வந்த பூவாத்தாள் அதை வாங்கிக்கொண்டு தயங்கி நின்றாள்.

"இதத் தண்ணியில்லாம முழுங்கலாமுங்களா, டாக்டரம்மா?"

"ஏன்?"

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருமுங்க. ஒரு ஷிப்டுக்கு ஒருக்காத்தான் கக்கூஸ் கதவு தொறக்கும். நானு காலைலயே போயிட்டு வந்துட்டனுங்க."

ரெஜினா அந்த மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். 'நோயாளி' என்ற இடத்தில் 'ஏழாம் வரிசைக் கழிப்பறைக் கதவு' என்றும், 'மருந்து' என்ற இடத்தில் 'பூட்டை எடுக்கவும்' என்றும் தட்டினாள். அப்படியொரு நோயாளி இல்லை என்றது திரை. அதையே ஒரு தாளில் கையால் எழுதி, முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு நடந்தாள். வழியில், மற்ற முப்பது மாத்திரைகளும் நூல் கோன்களுக்குப் பக்கத்தில் விழுங்கப்படாமல் கிடந்தன.

தாளைக் கதவில் ஒட்டியதும் மேனேஜர் ஓடி வந்தார்.

"டாக்டர், உங்க பட்டையே செவந்து கெடக்குதுங்க. மொதல்ல நீங்க ஒண்ணு போடுங்க."

"போட்டா இந்தக் கோவம் போயிடும் சார்," என்றாள் ரெஜினா. "கதவு தொறக்கிற வரைக்கும் எனக்கு அது வேணும்."