இருமலும் இருபது இலக்கங்களும்

மன்னாரில் ஒரு மண்டபம். தொலைக்காட்சியின் ‘மூளைக்கு வேலை’ இறுதிப் போட்டி. பரிசு புத்தம்புதுப் படகு எஞ்சின்.

வங்காலை மீனவன் ஜெனிஸ்ரனுக்கு அது எப்படியும் வேண்டும். அவனுடைய பழைய எஞ்சின் நடுக்கடலில் நின்று நின்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

திரையில் இருபது இலக்கங்கள், ஒவ்வொன்றும் ஆறு தான எண். ஒரு நிமிடம் தோன்றி மறைந்தன.

“கடைசியிலயிருந்து சொல்லுங்கோ ஜெனிஸ்ரன்,” என்றாள் அறிவிப்பாளர் பிரேமினி.

அவன் தொடங்கியதும் சபையில் ஓர் இருமல். அவனுடைய அக்கா புருசன் யோசேப், இரண்டு படகுக்குச் சொந்தக்காரன். அடுத்த இலக்கத்துக்கும் இருமினான். பத்தாவதில் தொண்டை கிழிந்தது. பக்கத்திலிருந்தவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி இருமினான்.

ஜெனிஸ்ரன் இருபதையும் பிழையில்லாமல் சொல்லி முடித்தான்.

“கள்ள விளையாட்டு!” தோற்ற போட்டியாளன் றிபாத் துள்ளி எழுந்தான். “மச்சான்காரன் இருமி இருமிச் சொல்லிக் குடுக்கிறான்!”

யோசேப்புக்கு முன் கதிரையில் இருந்த இன்ஸ்பெக்டர் அமிர்தநாயகம் எழுந்து மேடைக்கு வந்தார். பாதுகாப்புக்கு வந்தவர். மேடை வெளிச்சத்தில் அதுவரை சபையே தெரியாமல் நின்ற ஜெனிஸ்ரன், பொலிசைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினான். எஞ்சின் கைநழுவப் போகிறதே!

“மச்சான் ஏதும் சொல்லித் தந்தவரோ?”

“இல்லை சேர். அவர் ஏன் இருமினவரெண்டு எனக்கே விளங்கேல்லை. எல்லாம் என்ர மூளை.”

“ஒரு நிமிசம் பாத்தா அப்பிடியே நிக்குமோ?”

“ஒரு நிமிசம் என்னத்துக்கு? மடு மாதா ஆணையாச் சொல்லுறன் சேர், ஒருக்காக் கண்ட நம்பரைச் சாகுமட்டும் மறக்கமாட்டன்!”

சபை கைதட்டியது. யோசேப் மட்டும் தலையில் கைவைத்தான்.

“நான் நம்புறன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “மடு மாதாவில எங்கட ஆக்கள் பொய்ச்சத்தியம் பண்ணமாட்டினம். எஞ்சினைக் குடுங்கோ.”

றிபாத் முணுமுணுத்தபடி உட்கார்ந்தான். ஜெனிஸ்ரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

“போன மாதம் கடத்தல் மஞ்சள் இறக்கின படகைக் கண்டனான், நம்பர்தான் ஞாபகமில்லையெண்டு கோட்டில சாட்சி சொன்னீரெல்லோ? மச்சானுக்கு இவ்வளவு இருமல் குடுத்த அந்த நம்பரையும் ஒருக்காச் சொல்லும், எழுதுவம்.”