எல்லைக்கு இந்தப் பக்கம்

கழுத்துக்குக் கீழே அசைவற்றுக் கிடந்த செல்வின், மெய்நிகர் கண்ணாடியை மாட்டிவிட்டால் கணினி விளையாட்டுக்குள் பந்தைத் துரத்தி ஓடுவான். ஆறுமுகநேரி போன்ற ஏழை ஊர்களில் அதற்கு மாதச் சந்தா இருநூறு ரூபாய்தான். சென்னையில் அதன் விலை அக்கா ஜெபராணியின் புதுச் சம்பளம் முழுவதையும் விழுங்கிவிடும். வேலை அங்கேதான் கிடைத்தது. தம்பியை விட்டுவர ஆளில்லை. விலையைப் பற்றி அவனிடம் வாய் திறக்காமலே வேனில் ஏற்றினாள்.

செங்கல்பட்டைத் தாண்டியதும், "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றாள் டிரைவரிடம்.

"எக்கா, கோல் போட்டுட்டேன்!" என்று பின்னால் படுத்திருந்த செல்வின் கத்தினான்.

"இன்னொண்ணு போடுல."

சென்னை எல்லைக்குள் வேன் நுழைந்ததும் ஊர்ச் சந்தா செல்லாமல் கண்ணாடி இருண்டது; அவன் சிரிப்பு அறுந்தது.

"எக்கா... என் காலு போச்சுக்கா."

லாரியிலிருந்து விழுந்த அன்றும் அவன் இதையேதான் சொல்லியிருந்தான்.