விட்டுப்போன தெரு

“எங்க தெரு எங்கே டீச்சர்?”

குரல் கேட்டு, கண்காட்சி பார்க்க வந்த பெற்றோர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

மேஜை மேல் களிமண்ணில் செய்த ஊர். மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் தெருக்கள், பள்ளத்தில் ஏரி. ஒவ்வொரு குழந்தையும் தன் தெருச் சாக்கடையில் பாட்டிலில் பிடித்துவந்த தண்ணீரைத் தன் தெருவில் ஊற்றும். அது எப்படிப் போனாலும் கடைசியில் ஏரிக்குத்தான் போய்ச் சேரும். பாடம் அதுதான்.

கேட்டவர் வாட்டர் சர்வீஸ் கடைக்காரர். ஊரில் பாதி லாரிகள் அவரிடம்தான் குளிக்கும்.

“வாப்பா, போலாம்” என்று மகள் அவர் சட்டையை இழுத்தாள்.

“இரு பாப்பா. எல்லாத் தெருவும் இருக்கு. நாங்க மட்டும் என்ன வானத்துலயா குடியிருக்கோம்?”

“விட்டுப்போச்சு சார்” என்றார் டீச்சர்.

“அதெப்படி விட்டுப்போகும்? லாரி கழுவறவன் பொண்ணுதானேன்னு இளக்காரம்!”

தலைமை ஆசிரியை வேகமாக வந்தார்.

“என்ன டீச்சர் இது? உங்க வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி இன்னிக்குத்தான் எழுதலாம்னு இருந்தேன். சரி, அந்தப் பாப்பாவோட பாட்டிலை எடுங்க. மண்ணுல ஒரு கோடு கிழிச்சா தெரு. இப்பவே ஊத்தட்டும்.”

“அப்படிச் சொல்லுங்க மேடம்!” என்றார் கடைக்காரர்.

மகளின் முகம் வெளுத்தது.

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தார். “பாட்டிலைக் கீழே கொட்டிட்டேன் மேடம். என் கவனக்குறைவுதான்.”

“நல்லா இருக்கு! வேலை விஷயத்தை அப்புறம் யோசிக்கறேன்.”

“மன்னிச்சுடுங்க சார்” என்றார் டீச்சர். ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது.

கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்து மகளைப் பைக்கில் ஏற்றினார்.

“பார்த்தியா? வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.”

“அப்பாடா!” என்றாள் மகள்.

“எதுக்கு அப்பாடா?”

“பாட்டில் இல்லைன்னு டீச்சர் சொன்னாங்களே, அதுக்கு.”

“அதுல என்ன?”

“நேத்து ஒத்திகையில எல்லாரும் ஒண்ணா ஊத்தினோம்பா. ஏரி முழுக்கக் கறுப்பாயிடுச்சு. ஒரே டீசல் நாத்தம். ஏரியில மிதக்கவிட்ட பேப்பர் வாத்தெல்லாம் எண்ணெய்ல ஒட்டிக்கிச்சு. ‘ச்சீ, யார் தெருத் தண்ணி இது?’ன்னு எல்லாரும் கத்தினாங்க. நான் நம்ம கடை வாசல்லதானே பிடிச்சேன்... எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

சாவியைத் திருகப் போன கை நின்றது.

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“‘யார் தண்ணியும் இல்ல, நான் மண்ணுல கலந்த மை கரைஞ்சிடுச்சு’ன்னு சொல்லிட்டாங்க. எல்லாத்தையும் கலைச்சுட்டு ராத்திரி உக்காந்து புதுசா செஞ்சாங்களாம்.”

“நீ ஏன் இதை முன்னாடியே எங்கிட்ட சொல்லலை?”

“‘அப்பாகிட்ட சொல்லாதே, பொண்ணை அழவெச்சுட்டோமேன்னு அவர் மனசு உடைஞ்சுடும்’னு டீச்சர்தான் சொன்னாங்க.”

அவர் பைக்கை விட்டு இறங்கினார். பள்ளியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

“வேணாம்பா! எல்லாரும் சிரிப்பாங்க.”

“உன்னைப் பார்த்து இல்லடா, என்னைப் பார்த்துத்தான். நல்லா சிரிக்கட்டும்.”