ஒரே கம்பியில் இரண்டு பெட்டி

எதிரே இறங்கி வந்துகொண்டிருந்த ரோப்கார் பெட்டியில் உட்கார்ந்திருந்தது என் வீட்டுக்காரர்.

முதலில் கண்ணில் பட்டது வழுக்கைதான். ஆயிரம் வழுக்கைக்கு நடுவிலும் அதை எனக்கு அடையாளம் தெரியும்.

கடலோர ஊரில் கணக்குத் தணிக்கை என்று சொல்லிவிட்டு நேற்றுக் காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் இவர். இப்போது மலைச் சரிவில், ஏரிக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தார்.

தோளில் ஒரு பெண் சாய்ந்திருந்தாள்.

நானும் ஆசிரியர் பயிற்சி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். என் பொய்யை விடுங்கள். அதற்குக் காரணம் உண்டு.

இவருடைய பொய்யில் பாதியை நான் ஏற்கெனவே பிடித்திருந்தேன். பிடித்துக் கொடுத்தது ஒரு தண்ணீர் பாட்டில்.

போன மாதமும் இதேபோல் கடலோர வேலை முடிந்து வந்தார். பையில் காலி பாட்டில் ஒன்று, மூடி இறுக்கமாகத் திருகியபடி, கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. யாரும் மிதித்த மாதிரி தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். எனக்கு அது போதும்.

மலை மேல் காற்றின் அழுத்தம் குறைவு. அங்கே தண்ணீரைக் குடித்து முடித்து மூடினால், பாட்டிலுக்குள் அந்த மெலிந்த காற்றுதான் அடைபடும். கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் கை ஓங்கும், பாட்டிலை அமுக்கிவிடும். கடற்கரையில் மூடிய பாட்டிலுக்கு இந்தக் கதி வராது.

மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று ஒரு மூச்சு இழுத்து நிமிர்ந்தது.

அப்புறம், துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில் ஒற்றைக் கம்பளிக் கையுறை. பெண் கை அளவு.

இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? முப்பது வருடக் குடித்தனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

என் எதிர் இருக்கையில் படகு மெக்கானிக் இருந்தார். ஏரியில் ஓடுகிற மிதிபடகுகளைப் பழுதுபார்ப்பவர். பஸ் நிலையத்தில் காத்திருந்து என்னை அழைத்து வந்தவர் அவர்தான்.

அவர் மேலும் எனக்குச் சந்தேகம் விழுந்திருந்தது. ஏரிக்கரையிலேயே என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தார். மிதிபடகில் இரண்டு பேருக்கும் அச்சு ஒன்றுதான், ஒருவர் சும்மா காலை வைத்துக்கொண்டிருந்தாலும் மற்றவர் மிதியில் அவர் காலும் சுற்றும் என்று கவிழ்த்துப் போட்ட படகில் காட்டினார். நல்ல பாடம். ரசித்தேன். ஆனால் சொல்லும்போதே போனைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். ரோப்காருக்கு வரிசையே இல்லாதபோதும், அடுத்ததில் போகலாம் என்றார்.

இந்த ரோப்காருக்கு மொத்தம் இரண்டே பெட்டி. கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டின மாதிரி. ஒன்று இறங்கினால்தான் ஒன்று ஏறும். இறங்குகிற பெட்டியின் கனமே ஏறுகிற பெட்டியைப் பெரும்பாலும் தூக்கிக் கொடுத்துவிடும். மிச்ச வேலைதான் மோட்டாருக்கு.

அதாவது, இவரும் அந்தப் பெண்ணும் சேர்ந்து என்னை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிகள் நெருங்கின. இடையில் இருந்த பனிமூட்டம் கலைந்தது. அவள் தலையையும் முகத்தையும் சால்வையால் சுற்றியிருந்தாள். சின்னப் பெண் என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அப்போது இவர் என்னைப் பார்த்துவிட்டார்.

வாய் திறந்தது. அடுத்த நொடி, போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவள் தலைக்கு மேல் போட்டு, அப்படியே அணைத்து மறைத்தார்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வீடு திரும்பியதும் இவர் சட்டைகளை எந்தப் பையில் திணித்து வாசலில் வைப்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

மெக்கானிக் இருக்கையின் நுனிக்கு வந்தார்.

"அத்தை, திட்டாதீங்க. மாமாவ கீழ எறக்கிவிட்டதுக்கு அப்புறம்தான் உங்கள மேல கூட்டிட்டுப் போகணும்னு இருந்தோம். அவர் கெளம்பவே மாட்டேன்னுட்டார், கடைசியில அவளே கூட வந்து எறக்கிவிட வேண்டியதாப் போச்சு. சரி, ஒரு பொட்டி ஏறும்போது இன்னொண்ணு எறங்கிடும், ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கவே மாட்டாங்கன்னு உங்க பொண்ணுதான் கணக்குப் போட்டா. நடுவுல பாத்துப்பீங்கன்னு ரெண்டு பேருக்குமே தோணல."

என் பெண். அறிவியல் டீச்சர் பெற்ற பெண். இரண்டு வாளியும் கிணற்றில் எங்கே சந்திக்கும் என்று வருடா வருடம் வகுப்பில் கேட்கிறேன். பெற்ற பிள்ளையிடம் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், யாரிடமும் சொல்லாமல் இந்த மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பேச்சே கிடையாது. எடுத்தால் இவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. எடுத்தால் நான் உடைந்துவிடுவேன் என்று இவரும் நினைத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டு, இருவரும் தனித்தனியாக அவளைப் பார்க்க இதே மலையில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இவர் இப்போது அவளை மறைத்துக்கொண்டிருந்தது என்னிடமிருந்து. நான் அவளைப் பார்த்தால் தாங்கமாட்டேன் என்று.

பெட்டிகள் ஒன்றையொன்று தாண்டத் தொடங்கின. சன்னல் கண்ணாடியைப் பக்கவாட்டில் தள்ளினேன். குளிர் முகத்தில் அறைந்தது.

"சுண்டெலி" என்று கூப்பிட்டேன்.

குழந்தையாக இருந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர். வீட்டுக்குள் சொல்லி மூன்று வருடமாகிறது. பள்ளத்தாக்கில் அது எனக்கே அந்நியமாகக் கேட்டது.

கோட்டைப் பிடித்திருந்த இவர் கை அப்படியே நின்றது.

பிறகு, அவசரமில்லாமல், இவரே அதை விலக்கினார்.